முதல் கவளம்

மாரியூரில் புருஷனுக்கு முன்னால் சோற்றில் கைவைத்த ஒரே பெண்டாட்டி ராக்குதான். அதற்காக அவள் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. இப்போது அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் முதல் கவளம் உள்ளே போனதும் அவள் கை தானாகத் தட்டை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. எதிரே யாருமில்லை என்பது பிறகுதான் உறைக்கிறது.

கூத்தையா கரைவலை இழுத்தவர். அவர் பாட்டெடுத்தால் கரையே சேர்ந்து வலை இழுக்கும். அந்தக் குரலுக்குத்தான் ராக்கு வாழ்க்கைப்பட்டாள். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷத்தில் மனுஷன் ஒரு மாதிரியானார். ஆளில்லாத பக்கம் திரும்பிப் பதில் சொன்னார். சோற்றில் ராக்கு மருந்து வைத்திருப்பதாகக் காதுக்குள் யாரோ சொல்கிறார்களாம். சாப்பிடாமல் எலும்பும் தோலுமானார். ஊர் சும்மா இருந்ததா? ‘புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ள இடுமருந்து கொடுத்திருக்கிறாள், அது தலைக்கேறிவிட்டது’ என்று அந்தக் காதுக்குரலோடு சேர்ந்துகொண்டது. நல்ல ஊர்!

ராக்கு வாதாடவில்லை. அவர் தட்டிலிருந்தே முதல் கவளத்தை எடுத்துத் தின்று காட்டினாள். அவள் விழுங்குவதை உற்றுப் பார்த்த பிறகே அவர் கைவைப்பார். வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓடியது.

கடைசியில் அவள் அண்ணன் செல்லச்சாமி இருவரையும் மதுரைக்கு அழைத்துப் போனான். அங்கே ஆஸ்பத்திரியில் ஒருவன் தூக்கிய கையை இறக்காமல் கல்லாய்ச் சமைந்து நின்றான். இன்னொருத்தி கோர்வையில்லாமல் பேசிப் பேசிச் சிரித்தாள்.

“இவங்களுக்கும் இதே நோய்தாம்மா. ஆளுக்கு ஒரு முகம் காட்டும். யாரும் வச்ச மருந்தால வர்றதில்ல,” என்றார் டாக்டர்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் ராக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

புதிதாக வந்த மாத்திரை கொடுத்தார்கள். வீடு திரும்பியதும் கூத்தையா அதைத் தொடவே மறுத்தார்.

“கொழம்புல கரைச்சு விட்டுரு தாயி. அவருக்கு என்ன தெரியப்போகுது?” என்றான் செல்லச்சாமி.

“அப்ப அந்தக் கொரலு சொன்னது நெசமாயிருமேண்ணே! நான் மாட்டேன்.”

மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் புருஷனிடம் நீட்டினாள். “இது மருந்துதான். சோத்துல வைக்கல, கையில தாரேன்.”

“நீ மொதல்ல முழுங்கு.”

டாக்டர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார். ராக்கு யோசிக்காமல் விழுங்கினாள்; பகல் முழுக்க அடித்துப் போட்டமாதிரி தூங்கினாள். விழித்தபோது கூத்தையா ஓலை விசிறியோடு தலைமாட்டில் இருந்தார். கண் சிவந்திருந்தது.

“நீ எந்திரிக்கவே மாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நீ எந்திரிச்சிட்ட. அது பொய் சொல்லுது, ராக்கு.” கையை நீட்டினார். “கொடு.”

குரல் முற்றாக ஒழியவில்லை. அதன் சத்தம் அடங்கியது. மறுபடி வலைக்குப் போனார், மெல்லப் பாட்டும் திரும்பி வந்தது. ஒரு மத்தியானம் ராக்கு சோறு போட்டுவிட்டு, இனி நாம் தின்று காட்டுவது எதற்கு என்று தள்ளி உட்கார்ந்தாள். கூத்தையா தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இன்னுமா எம்மேல சந்தேகம்?”

“சந்தேகமெல்லாம் இல்ல. ஒனக்கும் பசிக்கும்ல.”