நான் அடிக்காத வரி

என் எழுத்தை முதன்முதலில் திருத்தியவர் என் மாமா. அவருக்கும் எழுத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. கோலார் தங்கவயலிலிருந்து வந்து, ஈஜிபுராவில் எங்கள் இரண்டு அறை வீட்டில் தங்கி, ஒரு கால் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தார். தம்பியின் வேலைமேல் அம்மாவுக்கு அப்படியொரு பெருமை. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போதுகூட அதைச் சொல்லாமல் குடத்தைத் தூக்கமாட்டாள். அந்த வேலையைச் சொல்லித்தான் அவருக்குப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். தினமும் காலையில் சட்டையை டக் இன் செய்துகொண்டு, அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார்.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மட்டும். அந்த வகுப்பின் ஆண்டு விழாவில், தனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி மேடையில் படிக்க வேண்டும். நான் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் நல்ல சரக்கு ஒன்று இருந்தது. பரீட்சை நாளில் மதியமே பள்ளி விட்டு வேனில் வரும்போது, ஏரிக்கரை பெஞ்சில் மாமாவைப் பார்த்திருந்தேன். டிராஃபிக்கில் வேன் நின்ற பத்து நிமிடமும் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அன்றே செலவாகிவிடும், எழுதுவதற்கு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் எழுதியதில் அழகிய ஏரி, குளிர்ந்த தென்றல் எல்லாம் இருந்தன. அந்த ஏரி நாறும் என்பது ஊரறிந்த விஷயம். அடித்துவிட்டேன். ‘அமர்ந்திருந்தார்’ என்பதையும் அடித்தேன். மாமா அமர்கிற ஆள் இல்லை, உட்கார்கிற ஆள். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘மாமா ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். சாப்பிடாமல் மூடிவிட்டார்.’

மாமா அதை இரண்டு முறை படித்தார்.

“இத இன்னாத்துக்குப் பாப்பா எழுதினே?”

“பாத்தேன், எழுதினேன்.”

“இதெல்லாம் போட்டா ப்ரைஸ் வராது. நல்ல தமிழ்ல எழுதணும்.”

பென்சிலை வாங்கி அந்த இடத்தை அடித்துவிட்டு, ‘அயராத உழைப்பால் அலுவலகத்தில் அனைவரின் நன்மதிப்பையும் பெற்றவர் என் மாமா’ என்று எழுதினார். “இதையே படி, கண்ணு” என்றபோது குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. திருத்துகிறவர் எதற்குக் கெஞ்ச வேண்டும் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கண்ணாடிமுன் நின்று இரண்டையும் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அவர் எழுதியது யாருடைய மாமாவுக்கும் பொருந்தும். நான் எழுதியதில்தான் என் மாமா இருந்தார். இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை மாற்றமாட்டேன். ஆனால் நினைத்தால் கூசுகிறது.

விழாவன்று மாமாவும் அம்மாவும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களிடம் அம்மா என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மாமாவின் வரியைத் தாண்டி, என் வரிகளை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கை தட்டினார்கள். அம்மா தட்டவில்லை. மாமா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டாம் பரிசாகச் சுவர்க்கடிகாரம் கிடைத்தது. முதல் பரிசு, தேசத் தலைவர் ஒருவரைப் பற்றி அடைமொழிகளாகவே எழுதியிருந்த பையனுக்கு.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். ஈஜிபுரா சிக்னலில் சாலையைக் கடக்கும்போது அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தாண்டிய பிறகும் விடவில்லை. இருபத்தெட்டு வயது ஆளை எதற்கு இப்படிப் பிடித்துக்கொண்டு போகிறாள், பரிசு வாங்கியது நானல்லவா என்று எனக்குப் பொருமலாக இருந்தது.

பொறுக்கமுடியாமல் நானே கேட்டேன்: “மாமா, நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு பாப்பா. எல்லாத்தையும் அடிச்சே. அத மட்டும் அடிக்கவே இல்ல நீ.”

எழுத்தாளருக்குக் கிடைத்த முதல் பாராட்டு என்று அதை எடுத்துக்கொண்டு, கடிகாரத்தை மார்போடு அணைத்தபடி, அவர்கள் இருவருக்கும் முன்னால் நடந்தேன்.