எட்டு டேங்க் மருந்து

ஐப்பசியில் மூன்று நாள் விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைத்தது. முதல் நாள் வத்தல்மலை, அடுத்த நாள் ஒகேனக்கல் என்று திட்டம். உடன் வந்த சுபர்ணா கொல்கத்தாக்காரி, டாக்டர், தமிழ் தெரியாது. வடநாட்டு நோயாளிகள் நிறைய வரும் ஒரு மருத்துவமனையில் இருவருக்கும் வேலை. நான் அங்கே ஒன்பது வருடமாக இந்தி மொழிபெயர்ப்பாளர். வத்தல்மலையை நாங்கள் பார்க்கவில்லை. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

தர்மபுரியில் நாள் வாடகை 2,800 ரூபாய்க்குக் கார் பேசியிருந்தோம். டிரைவர் முனியப்பனுக்கு நாற்பது வயது இருக்கும், பாலக்கோட்டுப் பக்கம். காலை ஒன்பதுக்கு வர வேண்டியவர் வரவில்லை. இரண்டு முறை போன் செய்து விரட்டினேன். 9.40க்கு வந்தார்.

"மருந்துக்குப் போயிருந்தேங்க, அதான் லேட்டு."

என்ன சொல்கிறார் என்று சுபர்ணா கேட்டாள். மருந்து வாங்கப் போனாராம் என்றேன். உடம்புக்கு என்னவாம் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். தனக்கு ஒன்றுமில்லை என்று சிரித்தார். வீட்டில் யாருக்கோ போலிருக்கிறது என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன்.

வத்தல்மலை தர்மபுரியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். வளைவுகள் தொடங்கும்வரை சாலை நன்றாகவே இருக்கிறது. பேச்சு கொடுத்துக்கொண்டு வந்த முனியப்பன், வழியில் பேச்சைக் குறைத்தார். ஏ.சி. ஓடியும் கழுத்தில் வேர்வை வழிந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். 10.25க்கு, இரண்டாவது வளைவு தாண்டியதும் வண்டியை ஓரம்கட்டினார்.

"ரோடு மங்கலா தெரியுதுங்க."

இறங்கியவர் அங்கேயே வாந்தி எடுத்தார். சுபர்ணா நாடி பார்த்தாள். அந்த மருந்தை இவரே சாப்பிட்டாரா என்று கேட்கச் சொன்னாள். அவரே சாப்பிட்டிருப்பார் என்று எடுத்துக்கொண்டு, காலையில் வெறும் வயிறா என்று நான் கேட்டேன். ஆமாம், வெறும் வயிற்றோடுதான் போனேன் என்றார். அதையும் இந்தியில் சொன்னேன். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றே இருவரும் நினைத்தோம். எவ்வளவு என்று கேள் என்றாள் சுபர்ணா.

"எட்டு டேங்குங்க."

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சுபர்ணா சட்டென்று அவர் இமையை விரித்துப் பார்த்தாள். கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்து விஷம் என்றாள். எதற்கு அடித்த மருந்து என்று கேட்டேன்.

"தக்காளிக்குங்க. முதுகுல மாட்டுற டேங்கு ஒழுகி முதுகெல்லாம் நனஞ்சிட்டுது. நீங்க போன் பண்ணீங்கன்னு வூட்டுக்குப் போயி சட்டைய மட்டும் மாத்திட்டு வந்துட்டேன். குளிக்கல."

சட்டையைக் கழற்றச் சொல்லி, கையில் இருந்த ஐந்து லிட்டர் கேன் தண்ணீரையும் முகம் கழுவ வைத்திருந்த சோப்பையும் கொண்டு அவர் முதுகைக் கழுவினோம். சுபர்ணா கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டாள். செல்போனில் சிக்னல் இல்லை. அவரைப் பின் இருக்கையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வண்டியை நான் ஓட்டினேன். மலைப்பாதையில் ஓட்டியதே இல்லை. பின்னால் சுபர்ணா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடியே வந்தாள். பாதி வழியில் பதில் நின்றுவிட்டது.

11.15க்குத் தர்மபுரி அரசு மருத்துவமனை. டிரைவருக்கு மருந்து விஷமாகிவிட்டது என்று நான் தொடங்கினேன். வாசலில் இருந்த நர்ஸ் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"குடிச்சதா, அடிச்சதா?"

அடித்தது என்றேன். ஸ்ட்ரெச்சர் அதற்குள் நகர்ந்துவிட்டது.

நான் அங்கேயே நின்றேன். முக்கால் மணி நேரம் எனக்குப் புரியாதது, அந்த அம்மாவுக்கு ஒரு கேள்வியில் முடிந்துவிட்டது. தக்காளி விளையும் ஊரில் மருந்துக்குப் போனேன் என்றால் வயலுக்குத்தான். அதை யாரும் தனியாகச் சொல்வதில்லை. முனியப்பன் பேசியது என் தாய்மொழி. ஒரு சொல்கூட எனக்குத் தெரியாத சொல் இல்லை. சென்னையில் வளர்ந்தவள், மருந்து என்றதும் மெடிக்கல் ஷாப்பை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கண் விழித்துப் பேசினார். ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். போனில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்க வேற எந்த மருந்துன்னு நெனச்சீங்க என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

போகிறவர்களுக்கு: மலை ஏறும் முன்பே தேவையான அழைப்புகளை முடித்துவிடுங்கள், வழியில் சிக்னல் நம்ப முடியாது. தண்ணீர் கூடுதலாகவே இருக்கட்டும். டிரைவர் தாமதமாக வந்தால் விரட்டாதீர்கள். காலையில் என்ன வேலை பார்த்துவிட்டு வருகிறார் என்று கேளுங்கள், வயலிலிருந்து வருகிறார் என்றால் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

விடுப்பு முடிந்த திங்கட்கிழமையே வேலைக்குத் திரும்பியிருந்தேன். முதல் நோயாளி பீகாரிலிருந்து வந்த விவசாயி. ஆறு மாதமாகத் தலைவலி, கை நடுக்கம். இந்தியில் மருந்துக்கு 'தவா'; 'தவா' போட்ட நாளெல்லாம் அதிகமாகிறது என்றார். மருந்து சாப்பிட்ட நாளில் என்று சொல்ல வாய் திறந்தவள், நிறுத்தி, எந்தத் தவா என்று கேட்டேன். வயலுக்கு அடிப்பது என்றார். இதற்கு முன் இரண்டு தடவை இதே மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். கோப்பைப் புரட்டினேன். இரண்டு தடவையும், தலைவலி மாத்திரையை நிறுத்தும்படி எழுதியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து.