துடைப்பம் பிடித்திருப்பவர்

போன வாரம் தபாலில் ஒரு விழா மலர் வந்தது. உறையூரில் நான் இளவயதில் குமாஸ்தாவாக இருந்த மர மில்லின் மலர். நடுப்பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம். வட்ட ரம்ப மேஜையருகே, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் முதலாளியின் மைத்துனர் நிற்கிறார். ‘இவர் அறுத்தால் பலகை இம்மியும் பிசகாது’ என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள். அவருக்குப் பின்னால், ஓரமாக, துடைப்பத்தோடு ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குப் பெயர் போடவில்லை. மலரைத் தூக்கி எறிந்தேன். என் மனைவி பதறிப்போய் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அந்தப் படத்தில் ரம்பம் ஓட்டத் தெரிந்தவர் துடைப்பம் பிடித்திருப்பவர் ஒருவர்தான். மைத்துனருக்கு மரத்தூள் காற்றில் பறந்தாலே தும்மல் வரும்!

அறுபதுகளின் தொடக்கம் அது. மில்லில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நெசவு வீட்டுப் பெண். கணவருக்குப் பார்வை மங்கித் தறி நின்றுபோனதும் மரத்தூள் அள்ளும் வேலைக்கு வந்தார். மேஜைப் பிளவில் பாதி தெரியும்படி ரம்பத் தட்டு சுழலும். அதன் பக்கத்தில் நீளமான ஒரு கட்டையைத் திருகி முடுக்கியிருப்பார்கள். அதற்குக் கைடு என்று பெயர். பலகையைக் கைடில் ஒட்டித் தள்ளினால் அறுப்பு நேராக வர வேண்டும். எங்கள் மில்லில் வராது. ஆட்கள் ரம்பத்துக்கு முன்னால் மட்டும் அளந்து கைடை முடுக்கிவிடுவார்கள். பின்பக்கம் இடைவெளி சற்றுக் குறைந்தாலும் பலகை நடுவில் இறுகிக்கொள்ளும். புகை வரும், ஓரம் கருகும், சில சமயம் பலகையே திரும்பி வந்து வயிற்றில் இடிக்கும். உடனே மரத்தைத் திட்டுவார்கள். மரம் என்ன பாவம் செய்தது?

ரம்பம் ஓட்டுகிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு நாள், ஸ்ரீரங்கத்து வீடு ஒன்றுக்குக் கதவுப் பலகை போயே ஆகவேண்டும் என்று முதலாளி குதித்துக்கொண்டிருந்தார். “நான் அறுத்துப் பாக்கறேங்க” என்றார் அக்கா. மோட்டாரை நிறுத்தச் சொல்லி, மூங்கில் சிம்பு ஒன்றை அளவுக்கு நறுக்கி, ரம்பத்துக்கும் கைடுக்கும் நடுவே முன்னால் வைத்துப் பார்த்தார். பிறகு பின்னால் வைத்துப் பார்த்தார். “தறியில பாவு நூலை ஒரு பக்கம் இழுத்துக் கட்டினா துணி கோணிக்கும்ங்க. இதுவும் அப்படித்தான். ரெண்டு தலையும் ஒண்ணா இருக்கணும்” என்றார். அன்று அறுத்த பலகைகளில் இரண்டைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இடையில் துளி வெளிச்சம் தெரியவில்லை. காய்ச்சல்காரர் குணமாகி வந்து பலகை அடுக்கப் போனார். அதற்குப் பிறகு நாலு வருஷம் ரம்பம் அக்காவினுடையது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேலையாட்கள் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே ‘ரம்பம் ஓட்டுபவர்’ என்று எழுத வேண்டும். “நாளைக்கு இந்த மில்லு இல்லைன்னா இன்னொரு மில்லுல போய் ரம்பத்துல நிக்கணும் தம்பி. அங்க போயும் தூள் அள்ள முடியாது” என்பார். பதிவேடு எழுதியவன் நான். “பொம்பளை பேருக்கு நேரா ரம்பம்னு எழுதினா ஊரே சிரிக்கும்யா, பழையபடியே எழுது” என்று முதலாளி சொல்லிவிட்டார். அக்கா கேட்டபோதெல்லாம் “எழுதியாச்சுக்கா” என்றேன். அவரும் நம்பினார்.

பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சுப் பலகை வாங்குவதற்காக மில்லைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அன்று காலை முதலாளியே அக்காவின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து ஓரமாக நிறுத்தினார். ரம்பத்தருகே மைத்துனர். போட்டோ எடுத்தார்கள். “ஒரு பலகை அறுத்துக் காட்டுங்க” என்றார் அதிகாரி. மைத்துனர் முன்னால் மட்டும் அளந்து கைடை முடுக்கினார். பலகை பாதி போனதும் கிறீச்சிட்டு நின்று, புகைந்து, பின்னால் பாய்ந்து தரையில் விழுந்தது. முதலாளிக்குக் கண நேரம்கூட ஆகவில்லை. “பெருக்கறப்ப இந்தம்மா கைடைத் தட்டி விட்டுட்டாங்க சார்” என்றார். கூசாமல் சொன்னார்!

அக்கா துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மேஜைக்கு வந்தார். “திருகு இறுக்கமாத்தான் இருக்கு சார், தொட்டுப் பாருங்க. தொடப்பம் பட்டா இது நகருமா? பின்பக்கம் ரெண்டு நூல் அளவு குறைச்சலா முடுக்கியிருக்காரு.” சிம்பை வைத்துக் காட்டினார். கைடைச் சரிசெய்து, வேறொரு பலகையைத் தள்ளினார். சத்தம்கூட மாறாமல் அறுபட்டு வந்தது. அதிகாரி ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இந்தம்மாதான் உங்க ரம்ப ஆளா?” என்று கேட்டார்.

“சேச்சே, தூள் அள்றவங்க சார். ரிஜிஸ்டரைப் பாருங்க” என்று முதலாளி என் பக்கம் கையை நீட்டினார். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். பதிவேட்டைப் பிரித்துக் கொடுத்தேன். அதிகாரி பார்த்துத் தலையாட்டிவிட்டு ஆர்டர் பற்றிப் பேசப் போய்விட்டார். முதலாளியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அக்கா ஐந்தாவது வரை படித்தவர். என் மேஜைக்கு வந்து பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ‘தூள் அள்ளுபவர்’, ‘தூள் அள்ளுபவர்’ என்று நாலு வருஷத்தையும் விரல் வைத்துப் படித்தார். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. அந்த மில்லில் அவர் கடைசியாகப் பேசியது என்னிடம்தான்.

“கைடு இல்லாமயே எவ்வளவு நேரா எழுதியிருக்கீங்க தம்பி” என்றார்.