ஆடிட் நாளில் மட்டும் திறக்கும் கதவு

“பின்கதவுச் சாவியைக் குடுங்க சார்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். லீவு கேட்கலாம், சம்பளம் கூட்டிக் கேட்கலாம். கிடைக்காது, ஆனால் கேட்கலாம். சாவியைக் கேட்கக் கூடாது. நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

பேய் அனுபவம் என்று யாராவது எழுதினால் பாதிப் பேர் சிரிக்கத்தான் படிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நான் பேயை நம்புகிறவள் இல்லை. பேரையூர்ப் பக்கத்துக்காரி. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிப் படித்தவள். சுடுகாட்டு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன், என்னை எதுவும் பிடிக்கவில்லை. இது நடந்தது 2023 மார்ச் கடைசியில், ஒரு சனிக்கிழமை, நல்ல வெயிலில். மற்றவர்கள் பெயரை மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்றவில்லை. தமிழ்வாணி.

அவனியாபுரம் தாண்டி ஒரு சட்டைக் கம்பெனி. மூன்றாவது மாடியில் ஒரே ஹால். தைப்பது எல்லாம் பெண்கள். சட்டைகள் அமெரிக்காவுக்குப் போகும். நான் அங்கே ஹெச்.ஆர். அசிஸ்டென்ட். ஹாலிலிருந்து இறங்க இரண்டு படிக்கட்டு. முன்படிக்கட்டின் கீழே வாட்ச்மேன் மருது அண்ணன் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்ட வேண்டும். சாம்பார் டப்பாவைக்கூட விடமாட்டார். பின்படிக்கட்டில் ஓர் இரும்புக் கதவு. அதற்குப் பூட்டு படிக்கட்டுப் பக்கம். உள்ளே இருப்பவர்களுக்குக் கை எட்டாது.

வருஷத்துக்கு இரண்டு தடவை அமெரிக்காவில் சட்டை வாங்குகிறவர்கள் ஆடிட்டரை அனுப்புவார்கள். அன்று காலை மேனேஜர் பாண்டியராஜன் பின்கதவைத் திறந்து பூட்டை என்னிடம் கொடுப்பார். ஆடிட்டர் போகும்வரை அது ஹாலின் முன்பக்கம் இருக்கும் என் மேசை டிராயரில் இருக்கும். ஆடிட்டர் வருவார், கதவைத் தள்ளிப் பார்ப்பார், டிக் அடிப்பார், பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார். அப்புறம் பூட்டை எடுத்துக் கொடுப்பேன். எம்.ஏ. படித்து நான் பார்த்த வேலை இதுதான். பூட்டை ஒளித்து வைப்பது.

படித்தது வரலாறு. அமெரிக்க வரலாறு ஒரு பேப்பர். ரயில், எஃகு, எண்ணெய், மலை மலையாகப் பணம், ஆலைக்குள் வேலை செய்த குழந்தைகள். அதற்கப்புறம் சீர்திருத்தம். அதில் ஒரு கேள்வி தவறாமல் வரும். 1911. நியூயார்க்கில் பெண்களுக்கான சட்டை தைக்கிற கம்பெனியில் தீ. துணியைத் திருடிவிடுவார்கள் என்று ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். நூற்று நாற்பத்தாறு பேர் செத்தார்கள். பெரும்பாலும் சின்னப் பெண்கள், இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். ஊர் கொதித்தது. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. பத்து மார்க். நான் எட்டு வாங்கினேன். அந்தச் சட்டம்தான் கடல் தாண்டி அவனியாபுரத்துக்கு ஒரு டிக்காக வந்து சேர்ந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை எங்கள் பகுதியில் மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு. கம்பெனிக்கு லீவு. திங்கட்கிழமை ஆடிட் என்பதால் மேனேஜர், வாட்ச்மேன் தவிர என்னை மட்டும் வரச் சொல்லியிருந்தார்கள். பின்படிக்கட்டுச் சுவரில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டியதை வீடியோ எடுத்து, கீழே ஆபீஸில் இருக்கும் மேனேஜருக்கு அனுப்ப வேண்டும்.

கீழிருந்து ஒட்டிக்கொண்டே ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை தாண்டியிருந்தது. படிக்கட்டில் இருட்டு. கதவுக்கு அடியில் மட்டும் ஹால் ஜன்னல் வெளிச்சம் கோடு போட்டிருந்தது. போனில் டார்ச்சைப் போட்டு வீடியோவை ஆன் செய்தேன். 4.40.

உள்ளே மெஷின் ஓடியது.

கரண்ட் இல்லை. ஆனால் ஓடியது. எங்கள் மெஷின் ஒவ்வொன்றும் விட்டு விட்டுத் தனித்தனியாகச் சத்தம் போடும். இது அப்படி இல்லை. தரைக்கு அடியில் ஒரே பெல்ட் எல்லாவற்றையும் இழுப்பது மாதிரி... ஒரே சத்தம்... நீளமாக...

நின்றது.

துணி கருகும் வாடை வந்தது.

கதவடி வெளிச்சத்தில் நிழல்கள் வந்து நின்றன. கால்கள். ஷூ போட்ட கால்கள். குதிகால் உயர்ந்த ஷூ. எங்கள் பிள்ளைகள் செருப்பை ரேக்கில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவார்கள்.

தட்... தட்...

உள்ளங்கையால் தட்டும் சத்தம். ஒரு கை. அப்புறம் நிறையக் கைகள்.

பேசினார்கள். பெண்கள். தமிழ் இல்லை. இங்கிலீஷும் இல்லை.

கதவு என் பக்கமாகப் பிதுங்கியது.

பூட்டைப் பிடித்து இழுத்தேன்.

சுட்டது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஆபீஸ் அறையில் மேனேஜர் தினத்தாளை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கேதான் சாவியைக் கேட்டேன்.

“எதுக்கும்மா சாவி?”

“உள்ள ஆளுக இருக்காங்க. கதவத் தட்டுறாங்க.”

“லீவு நாள்ல யாரு இருக்கா? சாவி திங்கக்கெழமதான் வெளிய வரும். அந்தக் கதவு தொறந்து கெடந்தா எம்புட்டு சட்ட போகும் தெரியுமா?”

“இதுவரைக்கும் யாரு சார் எடுத்தா?”

“எடுக்கல. ஏன்னா பூட்டியிருக்கு.”

மருது அண்ணன்தான் பாவப்பட்டு முன்பக்க ஷட்டரைத் தூக்கினார். மூன்று பேரும் ஏறிப் போனோம். ஹாலில் யாரும் இல்லை. வாடை இல்லை. மெஷின்கள் உறை போட்டு வரிசையாக நின்றன. பின்கதவை ஒட்டி இருக்கும் கடைசி மெஷின் மட்டும் உறை இல்லாமல் இருந்தது. காலர் தைக்கும் ஜெனிஷாவின் மெஷின்.

“எலி இழுத்திருக்கும்,” என்றார் மேனேஜர். “மோர் குடிச்சிட்டு வீட்டுக்குப் போ. ஆடிட் அன்னைக்கு இப்படி ஏதாச்சும் உளறி வைக்காத. ஆர்டர் போச்சுன்னா அம்புட்டு பிள்ளைகளும் நடுத்தெருவுல நிக்கும்.”

“எதுக்குத்தா ஒனக்கு இந்த வம்பு?” என்றார் மருது அண்ணன். அப்புறம் வழக்கம்போல என் பையைச் சோதித்தார்.

வீடியோவை நான் திரும்பப் பார்க்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. மரத்துப்போயிருந்தது. ராத்திரி ஜெனிஷாவுக்குப் போன் செய்து உறையைப் பற்றிக் கேட்டேன். வெள்ளிக்கிழமை தானே போட்டதாகச் சொன்னாள். மற்றதையும் சொன்னேன்.

“பேயி என்ன பாஷ பேசுச்சுன்னே தெரியலயா? என்ன எம்.ஏ.க்கா நீங்க?” சிரித்தாள். “நாளைக்குப் பூசைக்கு வாங்க. எங்க ஃபாதர் ரோமாபுரியில படிச்சவரு. எந்தப் பேயின்னாலும் அவருக்குப் புரியும்.”

ஜெனிஷா வீடு விளாங்குடி. ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் லூர்துராஜிடம் வீடியோவைப் போட்டுப் போனைக் கொடுத்தோம். காதில் வைத்துக் கேட்டார். முதலில் புன்னகை இருந்தது. அப்புறம் இல்லை.

“எங்க எடுத்தீங்க இத?”

“எங்க கம்பெனியில, ஃபாதர்.”

“இது இத்தாலி பாஷம்மா. தெக்கத்தி இத்தாலி. ‘தொறங்க’ங்கிறாங்க. திரும்பத் திரும்ப அது ஒண்ணுதான். ஊடால இன்னொரு பாஷ இருக்கு, ஜெர்மன் மாதிரி. எனக்குப் பிடிபடல.” போனை மறுபடி காதில் வைத்தார். “கடைசியில பேசுற பொண்ணு யாரு? அது தமிழ்தான?”

ஸ்பீக்கரில் போட்டார்.

கூச்சல்... தட்டும் சத்தம்... எல்லாம் ஒவ்வொன்றாக அடங்குகிறது. கடைசியில் ஒரே ஒரு குரல். கதவுக்கு வெகு பக்கத்தில். இருமிக்கொண்டே...

“தமிழக்கா... சாவிய வாங்குனீங்களா...”

ஜெனிஷா என் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. குரல் போனிலிருந்து வந்தது. அவள் குரல்.

“நேத்து நான் திண்டுக்கல்லுல இருந்தேன்,” என்றாள். “அத்த மக நிச்சயதார்த்தம். போட்டோ இருக்கு.” யாரும் போட்டோ கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள்.

“ஏண்டி வந்த?”

“வராம? அரிசிய எங்க ஃபாதரா வாங்கித் தருவாரு?”

உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பின்கதவை ஒட்டி உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள். பூட்டு என் டிராயரில் இருந்தது.

ஆடிட்டர் சென்னைப் பையன். நல்லவன் மாதிரிதான் இருந்தான். பின்கதவை ஒரு விரலால் தள்ளினான். திறந்தது.

“சூப்பர் மேடம். இந்த ரூல் ஏன் வந்துச்சு தெரியுமா?”

“தெரியும். நியூயார்க். 1911.”

“பரவாயில்லையே. எங்க டிரெயினிங்ல ஃபர்ஸ்ட் ஸ்லைடே அதுதான். மார்ச் இருபத்தஞ்சு, சனிக்கிழமை. சாயங்காலம் நாலு நாப்பது.” கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தான். “அட, முந்தாநேத்துதான். அதுவும் சனிக்கிழமை.”

டிக் அடித்தான். சாப்பிடக் கீழே போனான்.

என் மேசைக்குத் திரும்பினேன்.

பின்னாலேயே மேனேஜர் வந்தார். “முடிஞ்சது தமிழு. பூட்ட எடுத்துட்டு வா.”

டிராயரைத் திறந்தேன். பூட்டு சில்லென்று இருந்தது. பையில் போடவில்லை, கையிலேயே எடுத்துக்கொண்டேன். இதை ஒளித்தால் கடையில் வேறு பூட்டு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியாதா? போனில் வீடியோ இருந்தது. அதில் கேட்கும் குரல்களை யாரும் நம்ப வேண்டாம். முந்தாநாள் அந்தக் கதவில் பூட்டுத் தொங்கியது டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஆடிட்டருக்கு அது போதும். ஆர்டர் போகலாம். என் வேலை நிச்சயம் போகும். இங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் நாளைக்கு என்னை ஏசுவார்கள். ஏசட்டும், ஏசுவதற்கு உயிரோடு இருக்கட்டும்.

ஜன்னலுக்குக் கீழே ஆடிட்டரின் கார் நின்றது. அவன் கை கழுவிக்கொண்டிருந்தான்.

“எங்க போற? பூட்ட இங்க குடு!” மேனேஜர் கத்தினார்.

முன்படிக்கட்டுக்குப் போகவில்லை. வரிசைகளுக்கு நடுவே பின்கதவை நோக்கி நடந்தேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி மெஷினைத் தாண்டும்போது ஜெனிஷா தலை நிமிரவில்லை. தைத்துக்கொண்டிருந்த காலரைப் பார்த்தபடியே கேட்டாள். அதே சொற்கள். அதே இழுவை.

“தமிழக்கா... சாவிய வாங்குனீங்களா...”

“பூட்டையே எடுத்துட்டேன்,” என்றேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு படியில் இறங்கினேன்.