ஒற்றை நாற்றுக்காரர்

சென்னைப் பட்டணத்தில் பார்த்த குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு, எங்கள் ஆற்றுக் கால்வாய் ஓரம் வயல் வாங்கிப் பயிர் செய்ய வந்தவர் அவர். மெலிந்த ஆள். சேற்றில் இறங்கினாலும் காதில் செருகிய பென்சிலை எடுக்க மாட்டார்.

நடுகைக்கு என்னையும் என்னோடு நடும் பெண்களையும்தான் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தில் என் நடவுக்குத் தனி மதிப்பு. வழக்கம்போல நாலைந்து நாற்றைச் சேர்த்து ஊன்றினேன்.

"யக்கா, ஒத்தை ஒத்தையா நடுங்க" என்றார். ஏதோ புத்தகத்தில் படித்தாராம்.

"எனக்கா நடவு சொல்லித் தாரீரு? ஒத்தை நாத்து நண்டு வெட்டத்தான் காணும், வே!"

"பட்டணத்துல ஒரே அறையில ஒம்போது பேரு கிடந்தோம், யக்கா. ஒருத்தனும் உருப்படலை. இந்த நாத்தாவது தாராளமா நிக்கட்டும். இதுவும் போச்சுன்னா எனக்கு வேற போக்கிடம் இல்லை."

பெண்களைக் கூட்டிக்கொண்டு கரையேறிவிட்டேன். பிடுங்கிய நாற்று வெயிலில் வாடும் என்று தெரிந்துதான் ஏறினேன். கெஞ்சிக்கொண்டு வருவார் என்று வரப்பில் நின்றேன். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாமே ஒவ்வொன்றாக நட்டார். கோணல் நடவு. முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

அறுப்புவரை அந்தப் பக்கமே நான் போகவில்லை. விளைச்சலைப் பற்றி ஊர் பேசியதையும் காதில் வாங்கவில்லை. அடுத்த பிசானப் பருவச் சாகுபடியில், என் சொந்த வயலில், யார் கண்ணும் படாத மூலையில் நாலு வரிசை மட்டும் ஒற்றையாக நட்டேன். ஒவ்வொரு நாற்றும் கைக்குள் அடங்காமல் தூர் கட்டி நின்றது. அதைப் பார்த்த அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் மாதிரி எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.