பாட்டில் அடங்காத பேர்

ஆர்மோனியத் துருத்தியில் எங்கோ காற்று கசிந்தது. ஸ்தனிஸ்லாஸ் அமுக்கினார், மகன் அடைக்கலம் காதை வைத்து ஓட்டையைத் தேடினான். அப்பாவும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அதிலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஓட்டை அகப்படுவதற்குள் நாலு அடி பாடிவிட்டார்.

"பாடாதீங்கப்பா, காத்துச் சத்தம் கேக்கல."

"நீ ஓட்டையைக் கேளுடா. ஊரு பாட்டைக் கேக்கட்டும்."

இருபத்துநாலாம் வருஷத்து வெள்ளத்தைச் சிந்துப் பாட்டாகக் கட்டி, பெரிய கடைவீதியில் பாடி, புத்தகமாகவும் விற்றவர். பிறகு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா ஆனார். பதினான்கு வருஷம் பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள், ஊரே அவர் குரலுக்கு ஏங்கிக் கிடந்ததுபோல, பாலக்கரை வீட்டு வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். எதிர்வீட்டு ஆடு எழுந்து போயிற்று.

சிந்து கட்டுகிறவர் கடைசி அடியில் தம் பேரை வைப்பது வழக்கம். அங்கேதான் வினை. 'ஸ்தனிஸ்லாஸ்' எந்தத் தாளத்திலும் உட்காராது. ஒழுங்காக ஓடிவரும் பாட்டு அந்த இடத்தில் தண்டவாளத்தை விட்டு இறங்கும். பொன்மலை ரயில்வே பட்டறையில் வரைபடம் போடும் அடைக்கலத்துக்கு அது துளையில் நுழையாத போல்ட். அரத்தால் கொஞ்சம் ராவினால் தீர்ந்தது. "தாசன்னு சுருக்கி வெச்சுப் பாருங்கப்பா" என்றான்.

"ஞானஸ்நானத்துல வெச்ச பேருடா. அதையா ராவச் சொல்றே?"

மாதா கோயில் திருவிழாவில் அந்த வெள்ளச் சிந்தை முழுப் பேரோடு பாடினார். கூட்டம் சிரித்தது. "கிளார்க்கய்யா, ரயில்ல பாப்பாயி பாடுற பாட்டுங்க இது! உங்க பேரைச் சொருகி ஏன் கெடுக்கறீங்க?"

பாப்பாயி கஞ்சிரா தட்டி ரயிலில் பாடுகிறவள். மறுநாளே ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் அவளை மடக்கினார்.

"அது எம் பாட்டும்மா."

"இருக்கட்டுங்க. பழைய பொஸ்தகத்தப் பாத்து யாரோ படிச்சுக் காட்டினாங்க. உங்க பேரு வாயில நொழையல. எம் பேரைப் போட்டேன், சக்குன்னு உக்காந்துகிச்சு." பாடியும் காட்டினாள். அவரால் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

பாட்டு யாருடையது என்று ஊருக்குக் காட்ட, சிந்தை மறுபடி அச்சுக்குக் கொடுத்தார். திருத்தித் தரச் சொல்லி அச்சுக்கூடத்திலிருந்து புரூஃப் வந்தது. "சனிக்கிழமை நானே போயி குடுத்துட்டு வரேன். உங்கிட்ட குடுத்தா பேரை வெட்டிப்புடுவே" என்றார் மகனிடம்.

துருத்தி ஓட்டையை அடைத்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை கஞ்சி குடிக்கையில் மார்பைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து வந்த அடைக்கலம் மேஜைமேல் கிடந்த புரூஃபை எடுத்தான். கடைசி அடியைத் தேடினான். மனுஷன் ஒருவேளை மனம் மாறியிருப்பாரோ என்று ஓர் ஆசை. பேர் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால், பென்சிலை அழுத்திப் பிடித்து, 'பாலக்கரை சவரிமுத்து மகன்' என்று தம் அப்பா பேரையும் சேர்த்திருந்தார்.