குணமான பிறகும் வந்தவள்

கொலம்பியாவின் மெதெயின் நகரத்து மேட்டுச் சாலைகளில் பேருந்து ஓட்டுகிற நூபியாவுக்கு, மன்ரிக்கே பகுதி ஏற்றத்தின் நடுவில் வயிறு பிடித்து முறுக்கியது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு எதிரே இருந்த கறிக்கடையின் கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது வண்டிக்குள் சிரிப்பு. ரத்தம் போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் கணவன் ஃபாபியோ, "நரம்புத் தளர்ச்சிதான். அந்தப் பன்றி வறுவலை விடு, சரியாயிடும்" என்றான்.

"நீ டாக்டருக்குப் படிச்சது எனக்குத் தெரியாமப் போச்சே."

டிப்போ அதிகாரி ஒவீதியோ, அலுவலகத்தில் உட்காரும் வேலை தருகிறேன் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நூபியா மறுத்துவிட்டாள். பத்தொன்பது வயதில் உரிமம் எடுத்தபோது தெருவே கேலி செய்தது. அப்போதே விடாத ஸ்டியரிங்கை இப்போதா விடுவாள்?

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புண், நாள்பட்ட அழற்சி என்றார்கள். டாக்டர் மர்லேனி கிரோஸ் இந்த நோயில்தான் ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தார். பரிசோதனையின்போது ஆராய்ச்சிக்காகவும் துளி சதை எடுத்துக்கொள்ள நூபியா சம்மதித்திருந்தாள்.

"அதுல என்ன தேடுறீங்க?"

"செல்லுக்குள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. அதுல ஒரு வகை, புரதம் செய்யறதுக்கான தகவலைக் கொண்டுபோகும். இன்னொரு வகை புரதமே செய்யாது. ரொம்ப காலம் அதுல நிறையதைக் குப்பைன்னே ஒதுக்கி வெச்சோம். இப்பப் பாத்தா, எந்த மரபணு வேலை செய்யணும், எது அடங்கணும்னு சொல்றதுல அதுக்கும் பங்கிருக்கு. உங்க குடல்ல அழற்சி அடங்காம எரியறதுக்கு அதுல ஏதாவது காரணமான்னு பாக்கறோம்."

"எங்க ஒவீதியோ மாதிரி. ஒரு வண்டியும் ஓட்டமாட்டார். ஆனா எது கிளம்பணும்னு அவர்தான் சொல்வார்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு தயங்கிச் சொன்னார்: "நோய் இருக்கிறப்ப எடுத்த சதை மட்டும் போதாது. குணமான பிறகும் அதே ஆளோட சதை வேணும். ஆனா உடம்பு தேறினவங்க யாரும் திரும்ப வரமாட்டாங்க. குழாய் விடறதுக்கு முன்னாடி குடிக்கிற அந்தப் பேதி மருந்தை மறுபடி யார் குடிப்பா?"

மருந்துகள் பிடிக்க மாதங்கள் ஆயின. ரத்தம் நின்றது. நூபியா தன் தடத்துக்குத் திரும்பினாள். ஒருநாள் அவளாகவே டாக்டருக்கு போன் செய்தாள்.

"அந்த நாத்த மருந்தை எடுத்து வைங்க. வர்றேன்."

தனியாகவும் போகவில்லை. சிகிச்சைக் காலத்தில் பழகிய ரொட்டிக்கடைக்காரர் யாமித்துக்கும் அதே நோய்; அவரும் ஆராய்ச்சிக்குச் சதை கொடுத்திருந்தார். ஆனால் மறுபடி வர மறுத்தார்.

"எனக்குத்தான் நல்லாயிடுச்சே, நூபியா. எதுக்கு மறுபடி?"

"நல்லானதாலதான் கூப்பிடறேன். உங்க பொண்ணுக்கு நாளைக்கு இது வந்தா, அப்பவும் யாராவது நரம்புத் தளர்ச்சின்னு சொன்னா கேட்டுட்டு இருப்பீங்களா?"

அவர் முனகிக்கொண்டே கிளம்பினார்.

முடிவு வந்தபோது, பலரிடம் அழற்சியோடு ஏறியிருந்த, புரதம் செய்யாத ஒரு சிறு ஆர்.என்.ஏ.வின் அளவு குணமானதும் இறங்கியிருந்தது. யாமித்துக்கும் அப்படித்தான். நூபியாவுக்கு மட்டும் இறங்கவே இல்லை.

"நோய் திரும்பும்னு இதுக்கு அர்த்தமா?"

"தெரியாது. உண்மையிலேயே எங்களுக்கு இன்னும் தெரியாது."

ஜன்னலுக்கு வெளியே ஏதோ பேருந்து கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது. நூபியா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு டாக்டரிடம் திரும்பினாள்.

"அப்ப கண்டுபிடிங்க. அடுத்த சதை எப்ப வேணும்? அன்னிக்கு லீவு சொல்லிடறேன்."